எட்டாவது தடத்தில் ஒரு தூண்

மார்ச் 3, திங்கள்

முதல் பக்கத்தின் இடது மூலையில் இரண்டு பத்தி அகலம் எனக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று வருடமாக எட்டாம் பக்கத்தில் ராசிபலனுக்குப் பக்கத்தில் கிடந்தவன் நான். காலையில் செய்தி ஆசிரியர் மீரான் சார் கூப்பிட்டு, “பேச்சி, ஸ்டேடியம் தொறக்குற வரைக்கும் தினமும் ஒரு கார்ட்டூன். வேற எதையும் தொடாதேயும். ஸ்டேடியம் மட்டும்தான்” என்றார். அவருக்கு மேயர் மேல் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது. மாநகராட்சி போட்டிப் பத்திரிகைக்கு முழுப்பக்க விளம்பரமும் எங்களுக்குக் கால் பக்கமும் கொடுத்துவிட்டது. ‘பொருநைச் செய்தி’யின் சமூக அக்கறை அங்கேதான் பிறந்தது.

எதற்குப் பிறந்தால் எனக்கென்ன. இருநூற்றுப் பன்னிரண்டு கோடி ரூபாய்க்கு விளையாட்டரங்கம் கட்டுகிறார்கள். இந்த மேலக்கரையில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. எங்கள் தெருச் சாக்கடை ஜனவரியிலிருந்து மூடியில்லாமல் கிடக்கிறது. நேற்று அதில் ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். இரண்டு முறை துவைத்தும் என் சட்டை நாறுகிறது. அரங்கத்தில் இருபதாயிரம் இருக்கை, பெரும்பாலும் மேற்குப் பார்த்து. சாயங்காலம் ஆட்டம் நடந்தால் பார்க்க வந்தவன் கண்ணில் வெயில். ஊரே நெற்றியில் கை வைத்து, மேயருக்குச் சல்யூட் அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். அதையே வரைந்தேன்.

தினமும் வருகிற மாதிரி ஓர் ஆள் வேண்டும் என்றார் சார். ஒல்லி உடம்பு, கழுத்தில் விசில், காலி கேலரியில் தனியாக உட்கார்ந்து ஒரு வரி மட்டும் பேசுகிற ஆள். ‘கேலரி அண்ணாச்சி’ என்று பெயர் வைத்தேன். முகம் கைக்குத் தானாக வந்தது.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். மாநகராட்சி பொறியியல் பிரிவில் முப்பத்தோரு வருடமாகப் படவரைவாளர் அவர். இந்த அரங்கத்தின் வரைபடத்திலும் அவர் கை இருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, “மேற்கு இல்லலே. வடமேற்கு” என்றார். சிரிக்கவில்லை.

இன்று ஒற்றைப்படை நாள், என் சமையல். அம்மா போனபிறகு அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். ரசம் தண்ணியாகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

முகம் தானாக ஒன்றும் வரவில்லை. அது மாசாணம் அண்ணாச்சியின் முகம்.

பழைய மைதானத்தின் காவலாளி அவர். போலீஸ் தேர்வுக்காக நான் அங்கே ஓடிய இரண்டு வருடமும் தினமும் பார்த்த முகம். நீளத் தாடை, மடங்கிய இடது காது, விசில் ஊதி ஊதிக் குவிந்தபடியே நின்றுவிட்ட உதடு. மைதானம் போய், சுற்றிலும் தகர வேலி போட்டுக் கட்டடம் எழும்பியபோது அவரையும் வேலிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பழைய கேலரிக்கு அடியில் ஓர் அறை. அதில் அவரும் அவர் மனைவி செல்லக்கனியும்.

இன்று தகர வேலி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏ தம்பி, இது நான்தான?”

“ஒரு சாயலுக்கு வச்சது அண்ணாச்சி...”

“சாயலா? காத மடக்கியே போட்டிருக்கீய! டீக்கடையில எவனும் நம்ப மாட்டேங்கான். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். அவர் காசில் டீ. சுருட்டி வைத்திருந்த மூன்று நாள் பேப்பரையும் ஒவ்வொருவரிடமாகக் காட்டினார். செல்லக்கனி அக்கா மட்டும், “மூஞ்சிய எடுக்கதுக்கு முன்னால கேக்க மாட்டியளோ?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 12, புதன்

மாலை ஆறு மணிக்கே அப்பா வந்துவிட்டார். கட்டடத்தை அளக்கப் போயிருந்தாராம், செருப்பெல்லாம் சிமெண்ட். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் தோசையைத் தொடவில்லை. தட்டில் விரலால் சட்னியை இழுத்து எட்டு கோடு போட்டார்.

“ஓடுதளத்துக்கு எட்டுத் தடம். நான்தான் வரைஞ்சேன். எட்டு இருந்தாத்தான் பெரிய போட்டி நடத்த முடியும். இப்பம் விஐபி ரூம்பு பத்து போதாது, பதினெட்டு வேணும்னு கான்ட்ராக்டர் கிருபாகரன் தூணத் தள்ளி நட்டிருக்கான்.” எட்டாவது கோட்டின் நடுவில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்தார். “இங்கன நிக்கி. ஓடுதவன் தூண்ல முட்டணும். இல்லன்னா சுத்திட்டுப் போவணும்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எலே, இது வெளிய போவக்கூடாது. எனக்கு மே முப்பத்தொண்ணு.”

அவர் ஓய்வுபெறும் நாள் அது. எங்கள் வீட்டில் மூன்று வருடமாக எல்லாக் கேள்விக்கும் அந்தத் தேதிதான் பதில். வீட்டுக்கு வெள்ளை அடிக்க, என் கல்யாணம், அவர் முழங்கால்.

மார்ச் 14, வெள்ளி

வரைந்துவிட்டேன். ஏழு பேர் ஓடுகிறார்கள், எட்டாவது ஆள் தூணைக் கட்டிப்பிடித்து நிற்கிறான். கேலரி அண்ணாச்சி சொல்கிறார்: ‘எட்டாவது பரிசு உறுதி!’

மதியத்துக்குள் ஊரில் உள்ள எல்லா வாட்ஸாப் குழுவிலும். மீரான் சார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். இத்தனை பணத்தைக் கொட்டிக் கட்டிய ஓடுதளத்தில் எட்டுப் பேர் ஓட முடியாது என்பதை மேலக்கரை இன்றுதான் தெரிந்துகொண்டது. இதைச் சொல்லாமல் இருப்பது எப்படி? இதைச் சொல்லக்கூடாது என்றால் நான் எதற்கு?

அப்பா பேப்பரை மடித்து டிவி மேல் வைத்துவிட்டார்.

மார்ச் 15, சனி

அப்பா பேசவில்லை. என் சாம்பாரில் உப்பே இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

மேயருக்கு என் கார்ட்டூன்கள் மிகவும் பிடித்துவிட்டதாம். தன் வழுக்கையை நான் வரைகிற விதத்தைக் காட்டி வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். மூலப்படங்கள் ஆறு வேண்டும், சட்டம் போட்டு அறையில் மாட்டப்போகிறார் என்று சார் வந்து சொன்னார்.

“குடுக்க முடியாது சார்.”

“வேய், குடுத்தாச்சு. காலையிலயே அனுப்பிட்டேன்.”

அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கும் அரைப் பக்கம் விளம்பரம்.

ஒருவன் மேல் துப்புகிறேன். அவன் அதைத் துடைத்து, சந்தனம் மாதிரி நெற்றியில் இட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். இனி எதைத் துப்புவது? கோபத்தில் இன்றைக்கு மேயரின் வழுக்கையை இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தேன். வரைந்து முடித்தபிறகுதான் தோன்றியது, அதுவும் அவருக்குப் பிடிக்கும்.

சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அலுவலகத்துக்குப் போகிற வழியில் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தின் வாசல் சாரத்தில் திருஷ்டி பொம்மை கட்டியிருக்கிறார்கள். வைக்கோல் அடைத்த பேண்ட், கிழிந்த சட்டை, காலில் ஒற்றைச் செருப்பு. கட்டுகிற வீடு எல்லாவற்றிலும் தொங்குவதுதான். ஆனால் பூசணிக்காயில் வரைந்த அரக்கன் மூஞ்சிக்குப் பதிலாக, ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்த கேலரி அண்ணாச்சியின் தலை. பேப்பரிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். நாக்கை மட்டும் சிவப்பில் நீட்டிவிட்டிருக்கிறார்கள். தாடைக்குக் கீழே ‘பேச்சி’ என்ற என் கையெழுத்து, ஒரு முழ நீளத்துக்கு.

கிருபாகரன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. என் தோளில் கை போட்டார்.

“தம்பி, நீங்க ஏச ஏசத்தான் எங்களுக்கு நல்லது பாத்துக்கிடுங்க. ஊரு கண்ணு பூரா அந்த மூஞ்சி மேல போயிரும். கட்டடத்துக்கு ஒண்ணும் வராது. இன்னும் ரெண்டு மாசம், நிறுத்திராதீய.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கையைத் தட்டிவிட்டேனா? இல்லை. தட்டிவிட்டதாக எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

தினமும் காலையில் அறையை விட்டு வெளியே வந்தால் மாசாணம் அண்ணாச்சி முதலில் பார்ப்பது சாரத்தில் தொங்கும் தன் முகத்தைத்தான். டீக்கடையில் அவருக்கு இப்போது புதுப் பெயர் வந்துவிட்டது. ‘திருஷ்டி.’

“பேப்பர்ல வந்தப்ப நல்லாத்தான் இருந்துது தம்பி. இப்பம் லாரிக்காரனெல்லாம் என்னையும் பாக்கான், மேலயும் பாக்கான், ஆரன் அடிக்கான். அத எறக்கச் சொல்ல மாட்டியளா?”

கிருபாகரனிடம் சொல்வதாகச் சொன்னேன்.

செல்லக்கனி அக்கா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “திறப்பு விழா அன்னைக்கு அத முச்சந்தியில போட்டு எரிப்பாவ. உசுரோட இருக்க மனுசன் மூஞ்சிய எரிப்பாவளா? அதக் கேளுங்க அவர்ட்ட.”

ஏப்ரல் 9, புதன்

மாசாணத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

தூண் விஷயம் எப்படி வெளியே போனது என்று ஒரு மாதமாகவே பொறியியல் பிரிவில் விசாரணை. எட்டாவது தடம் தகர மறைப்புக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போக முடிந்தவர்கள் அலுவலக ஆட்கள், மேஸ்திரிகள், காவலாளி. யாரென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு பொம்மை வழிகாட்டிவிட்டது. காது, தாடை, உதடு. அட, கார்ட்டூன்காரன் வரைவது நம்ம வாட்ச்மேனை அல்லவா? அப்படியானால் உள்விஷயம் சொல்கிற ஆளும் அவன்தான். முடிந்தது விசாரணை.

இருபத்திரண்டு வருடமாகத் தினக்கூலி. எழுத்தில் ஒன்றும் இல்லை. ‘நாளையிலேர்ந்து வரவேண்டாம்’ என்று மேற்பார்வையாளர் வாயால் சொன்னார், அவ்வளவுதான். அறையைக் காலிசெய்ய ஒரு மாதம்.

மாசாணத்தை நான் வரைந்தேன், மேயர் சிரித்தார், கிருபாகரன் தொங்கவிட்டார், ஊர் அண்ணாந்து பார்த்தது. எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது.

ஏப்ரல் 10, வியாழன்

அவர் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. விசில் இல்லாமல் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் ஒண்ணும் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்லா தம்பி. அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கமிஷனர்ட்ட காட்டுதேன்.”

பார்க்கிறேன் என்றேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முறை, கத்தரிக்காய்ப் பொரியல். கரண்டியை வைக்காமலே பேசினார். “எழுதிக் குடு. ‘அவன் சொல்லல’ன்னு எழுதினா அடுத்த கேள்வி என்ன? ‘பின்ன யாரு சொன்னா?’ உன் வீட்டுல யாரு இருக்கான்னு அவங்களுக்குத் தெரியாதா? கடைசி நாள்ல ஒரு சஸ்பென்ஷன் தாள நீட்டுவான். எத்தன பேருக்கு நீட்டியிருக்கான், நான் பாத்திருக்கேன். அப்புறம் பென்ஷனுக்குப் பத்து வருசம் படியேறணும்.” அடுப்பைத் தணித்துவிட்டு, “அவன் டெம்பரரிதானலே. அவனுக்கு எங்கயும் வேலை கெடைக்கும்” என்றார்.

முப்பத்தோரு வருடம் கோணல் இல்லாமல் கோடு போட்ட மனிதர். சீ என்றாகிவிட்டது எனக்கு. ஒரு தினக்கூலியின் வயிற்றை விட இவருடைய தேதி பெரிது. இந்த நகரத்தை நாறடிப்பது மேயர் மட்டுமல்ல, வாயை மூடிக்கொண்டு தேதியை எண்ணுகிற இப்படிப்பட்ட நல்லவர்களும்தான் என்று கத்த நினைத்தேன்.

கத்தவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐம்பது நாள்தானே.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் நன்றாக வந்திருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

மாசாணத்துக்காக வரைந்தேன். இருபதாயிரம் காலி இருக்கைகளும் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. அவர் கையில் விசில். வசனம் கிடையாது. இதுவரை நான் வரைந்ததில் இதுதான் உருப்படியானது.

சென்னையிலிருந்தெல்லாம் போன். ஒரு தொலைக்காட்சியில் முழுதாக ஒரு நிமிடம் காட்டினார்கள். ‘சாமானியனின் குரல்’ என்றார் ஒருவர். மாவட்டப் பத்திரிகையாளர் சங்கம் கேடயம் கொடுக்கப்போகிறதாம். மாசாணத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மே 8, வியாழன்

அறையைக் காலிசெய்துவிட்டார்கள். ஒரு தள்ளுவண்டி, இரண்டு நடை. செல்லக்கனி அக்காவின் தம்பி வீட்டுப் பின்கட்டுக்குப் போகிறார்கள். எதிரே வந்த என்னைப் பார்த்து அண்ணாச்சி தலையாட்டினார். அக்கா, குடத்தைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருபாகரனிடம் இன்னும் பேசவில்லை. ஆள் ஊரில் இல்லை என்கிறார்கள். இருமுறை போன் செய்தேன். ஒருமுறை.

கேடயம் கண்ணாடி. துடைக்கத் துடைக்க விரல் ரேகை படிகிறது. பரண் மேல் போட்டுவிட்டேன்.

மே 30, வெள்ளி

முப்பத்தொன்று சனிக்கிழமை என்பதால் பிரிவுபசார விழாவை இன்றே வைத்துவிட்டார்கள். மதியம் நான்கு மணி வரை அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், தபால் ஊழியர் ஏதாவது உறையோடு வருகிறாரா என்று. வரவில்லை. சால்வை, மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். ‘இந்த விளையாட்டரங்கத்தின் ஒவ்வொரு கோட்டிலும் ஆறுமுகநயினார் அண்ணாச்சி இருக்கிறார்’ என்று செயற்பொறியாளர் பேசினார். எட்டாவது கோட்டிலும். கைதட்டினார்கள். நானும்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார்: “இனி நீ போய் அவன்ட்ட சொல்லலாம்லா.” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் கழுத்து மாலையிலிருந்து மடியில் உதிர்ந்த சம்பங்கியைப் பொறுக்கி வெளியே போட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள இருசக்கர வண்டி நிறுத்தத்தில் மாசாணம் அண்ணாச்சி டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்னது, நான் வரைந்தது, மே முப்பத்தொன்று. சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. அவர் நடுநடுவே வண்டிகளை நகர்த்தினார்.

“உங்கப்பாதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தூண அளந்தது அவருதான. டேப்புக்கு மறுமுனையப் பிடிச்சது நானு.”

“விசாரணைல ஏன் சொல்லல?”

“சொன்னா அவரும் வெளிய, நானும் வெளிய. அதுல எனக்கு என்ன வந்துரும்?” ஒரு பெண்ணின் ஸ்கூட்டியை இழுத்து ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். “ஒண்ணு கேக்கேன். அவரு பேர உன்ட்ட யாரு கேட்டா? ‘நானே சுவரேறிக் குதிச்சுப் பாத்தேன், வாட்ச்மேன் தூங்கிட்டான்’னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா. தூங்கினதுக்கு என்னைய ஏசியிருப்பாவ. உன்னைய ஒரு நாளு ஸ்டேசன்ல உக்கார வச்சிருப்பாவ. பேப்பர்க்காரன் வேற, காபி வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பாவ.”

முதல் முறையாக என்னை நீ என்று சொன்னார்.

“அம்பது நாளா இது உனக்குத் தோணலியோ?”

வெயில் தாங்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

தோன்றவில்லை. நிஜமாகவே தோன்றவில்லை.

ஜூன் 6, வெள்ளி

திறப்பு விழா. எட்டாவது தடத்தில் தூணைச் சுற்றிப் பூந்தொட்டிகள் அடுக்கி, அதை அலங்காரமாக்கிவிட்டார்கள். ஏழு பேர் ஓடினார்கள். இருக்கைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் மகளிர் குழுக்காரர்கள், வேனில் அழைத்து வந்திருந்தார்கள். எல்லோரும் நெற்றியில் கை வைத்தபடி. மூன்று மாதத்துக்கு முன் வரைந்தது கண்முன்னே நடக்கிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழாவுக்கு முன்பே பொம்மையை இறக்கி முச்சந்திக்குக் கொண்டுபோனார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற நேரத்தில் செல்லக்கனி அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வைக்கோல் கழுத்திலிருந்து அந்த ஃப்ளெக்ஸ் தலையைப் பிய்த்தார். கம்பி கையைக் கிழித்தது. “ஏ எக்கா, இது திருஷ்டி கழிச்சது, வீட்டுக்குக் கொண்டு போவக்கூடாது” என்றான் ஒருவன். “மிச்சத்த எரி. அது கட்டடத்துக்கு உள்ளது. இது என் வீட்டுக்கு உள்ளது” என்றார்.

சுருட்டும்போது தாடைக்குக் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார். தலையில்லாத பொம்மையை எரித்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கடிதம் எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். நான்கு முறை கிழித்து எழுதியது. எதையும் மறைக்கவில்லை, அப்பா பெயரைத் தவிர. சுவரேறிக் குதித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய்தான். மற்றதெல்லாம் உண்மை.

ஜூன் 9, திங்கள்

காலையில் மாநகராட்சி அலுவலகம். தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, ஆணையரின் உதவியாளரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். உட்காரவைத்து, கடிதத்தைப் படித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

“எதுக்கு சார் உங்களுக்கு இந்தச் சங்கடம்? வாட்ச்மேன் வேலையெல்லாம் ஏஜென்சிக்கு விடணும்னு டிசம்பர்லயே தீர்மானம் போட்டாச்சு. இந்த ஆளு இருபத்திரண்டு வருசம், கோர்ட்டுக்குப் போனா நிரந்தரம் கேப்பாரேன்னு யோசிச்சிட்டிருந்தோம். உங்க கார்ட்டூனால ஒரு காரணம் கெடைச்சுது.”

“அத்துமீறி நுழைஞ்சேன்னு எழுதியிருக்கேன். என் மேல கேஸ் போடுங்க.”

“கேஸா?” அடுத்த அறையைக் காட்டிச் சிரித்தார். “உங்க படம் ஆறு மேயர் ரூம்புல இருக்கு. நீங்க நம்ம ஆளு சார்.”

காபி வந்தது. ஏலக்காய் போட்ட காபி. குடித்தேன்.

அங்கிருந்து நேராக அவர்கள் இருக்கும் பின்கட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வண்டி நிறுத்தத்துக்குப் போயிருந்தார். செல்லக்கனி அக்கா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார். கையில் கட்டு. முத்திரை போட்ட நகலை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவசரப்படவில்லை. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம்.

“நல்லா எழுதியிருக்கீய. மனசாட்சி, வெட்கம், எல்லாம் இருக்கு.” நிமிர்ந்தார். “எங்க வீட்டுக்காரருக்குத் திருப்பி வேலை குடுங்கன்னு எங்க எழுதியிருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். நான் வெட்கப்படுகிறேன். நான் பொறுப்பேற்கிறேன். என் மௌனத்துக்கு நான். இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை.

மீன் சட்டியைப் பூனைக்கு எட்டாமல் உயரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். தம்பி மகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து நடுத்தாள் இரண்டை உருவிக்கொண்டு வந்தார். ஒரு பேனாவும்.

உதவியாளர் சொன்ன டிசம்பர் தீர்மானத்தை அவரிடம் சொன்னேன். கோர்ட் என்று பயந்ததையும். அக்கா பேனாவை என் கையில் கொடுத்தார்.

“அப்பம் அதையும் எழுதணும். அவரு சொன்ன நாளு, நேரம், பேரு, எல்லாம் போடுங்க. உங்க கையெழுத்து கீழ இருக்கட்டும், ஊருக்கே தெரிஞ்ச கையெழுத்துலா. நான் சொல்லுதேன், சொன்னத மட்டும் எழுதுங்க.”

அப்பாவின் ஓய்வூதிய ஆணை இன்னும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சொல்லத் தொடங்கியிருந்தார்.

“மாசாணம், வயசு அம்பத்தி நாலு.”

தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.